பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுப்பது தோல்வியாகுமா?

லாஸ்பேட்டை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 49. புதுச்சேரியில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் முதன்மை மேலாளராக இருக்கிறேன். 1999-இல் எழுத்தராகச் சேர்ந்து, ஒவ்வொரு தேர்வாக எழுதி, கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், நடுவில் மூன்று ஆண்டுகள் நாக்பூர் என்று சுற்றி இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். சென்ற மாதம் உதவிப் பொது மேலாளர் பதவிக்குத் தேர்வாகியிருப்பதாகக் கடிதம் வந்தது. போபாலில் உள்ள மண்டல அலுவலகத்தில் பணி. வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதலையோ மறுப்பையோ எழுத்தில் தர வேண்டும். மறுத்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு என் பெயர் பட்டியலில் வராது. அதன் பிறகு வருமென்றும் உறுதியில்லை.

கடிதத்தைப் பிரித்துப் படித்தேன், மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன், எதிரே காத்திருந்தவரின் நகைக்கடன் தாளில் கையெழுத்திட்டேன். இரவு பாலுக்கு உறை ஊற்றும்போதுதான் கணவரிடம் சொன்னேன். பத்து ஆண்டுகளுக்கு முன் மேலாளரானபோது பேருந்து நிலையத்திலிருந்தே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து அழுதவள் நான். இப்போது எனக்கு என்ன ஆயிற்று என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் கல்வி உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க, பார்வையற்ற மாணவி ஒருவர் தம் தாயுடன் கிளைக்கு வந்தார். இளங்கலைப் பொருளாதாரம் சேர்ந்திருந்தார். தமிழ்வழிப் பாடநூல்களை வாசித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை என்று அவர் தாய் பேச்சுவாக்கில் சொன்னார். அன்று தொடங்கி ஞாயிற்றுக்கிழமைதோறும் அதிகாலை ஐந்து மணிக்கு, தெருவில் பால்காரர் மணி ஒலிப்பதற்குள், சமையலறைச் சன்னலைச் சாத்திவிட்டுப் பாடங்களை வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து அனுப்புகிறேன். பத்தியை வாசிப்பது எளிது, படத்தை வாசிப்பதுதான் கடினம். தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் அந்த ஒரு படத்தைச் சொல்லி முடிக்க முதல் முறை எனக்கு நாற்பது நிமிடங்கள் ஆயின. "கோடு எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் சரிகிறது என்று முதலில் சொல்லுங்கள் அம்மா, பெயரைப் பிறகு சொல்லுங்கள்" என்று அந்தப் பெண்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். இப்போது அவர் முதுகலை படிக்கிறார். என் பதிவுகளை மேலும் எட்டுப் பேர் கேட்கிறார்கள். மாலை வேளைகளில் நேரிலும் வந்து சந்தேகம் கேட்பார்கள். வாரம் முழுவதும் நான் எதிர்பார்த்திருப்பது அந்த நேரத்தைத்தான்.

என் தாயாருக்கு 78 வயது, முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறோம். மறுப்பதானால் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதிவிடுங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்கிறார் அலுவலகத் தோழி. இன்னொருவர், இவ்வளவு தூரம் ஏறி வந்துவிட்டுக் கடைசிப் படியில் உட்காரலாமா என்று உரிமையோடு கடிந்துகொண்டார். எனக்கு என் வேலை பிடிக்கும். விருப்ப ஓய்வு பெறும் எண்ணமில்லை. மேலே போக வேண்டும் என்ற ஆசை மட்டும் வற்றிவிட்டது. இதை மனம் கனிந்ததன் அடையாளமாகக் கொள்வதா, வெறும் அலுப்பென்று கொள்வதா? இத்தனை ஆண்டுகள் பதவியை வைத்தே என்னை அளந்து பழகிவிட்டேன். அதை விட்டால் வேறு எதைக் கொண்டு அளப்பது? இந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

வடலூர் ஓய்வூதியர் எழுதியது:

அம்மா, வணக்கம். நெய்வேலியில் 36 ஆண்டுகள் பணியாற்றி, வந்த பதவி உயர்வுகளில் ஒன்றையும் விடாமல் ஏற்றுக்கொண்டு ஓய்வு பெற்றவன் நான். அதற்காக வருந்தவுமில்லை. மகள் படித்ததும் வீடு கட்டியதும் அந்தச் சம்பளத்தில்தான். ஆகவே உங்களைத் தடுக்கவோ தூண்டவோ எனக்குத் தகுதியில்லை. எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. நள்ளிரவில் பெல்ட் அறுந்தால் முதல் தொலைபேசி எனக்குத்தான் வரும். மழைக்காலத்தில் ஒரே இரவில் மூன்று முறை எழுந்து போயிருக்கிறேன். ஓய்வு பெற்று, குடியிருப்பைக் காலி செய்துவிட்டு வடலூருக்கு வந்த பிறகும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். கைபேசியை எடுத்துப் பார்ப்பேன். அது மணியடித்திருக்காது. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. மூன்றாவது மாதத்தில், அலைவரிசையில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி மனைவியின் கைபேசியிலிருந்து எனக்கே அழைத்துப் பார்த்திருக்கிறேன். வந்த அழைப்புகளெல்லாம் அந்த இருக்கைக்கு வந்தவை என்பது புரிய ஒரு வருடம் பிடித்தது. இருக்கையில் இப்போது வேறொருவர் இருக்கிறார், அவருக்கு மணியடிக்கிறது, அதில் எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது. அந்த ஓசையைத் தவிர வேறு எதையும் நான் சேர்த்து வைக்கவில்லை.

இங்கே தருமச்சாலையில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் ஒருநாள் உள்ளே சென்று காய்கறி நறுக்க உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு வெங்காயம்கூட அரிந்தவனல்லன். பரங்கிக்காயை நான் அரிவாள்மணையில் வைத்த விதத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஓர் இளைஞர், கட்டட வேலைக்குப் போகிறவர், என் கையைப் பிடித்துத் திருப்பி, தோல் பக்கம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிக் கையை வெட்டும் என்று காட்டினார். நான் என்னவாக இருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அந்தக் காய் குழம்பாகிப் பந்திக்குப் போனது. முப்பத்தாறு ஆண்டுகள் தோண்டிய நிலக்கரி எந்த வீட்டில் விளக்காக எரிந்தது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பரங்கிக்காய் யார் இலையில் விழுந்தது என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதனால் முந்தைய வேலை சிறிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் உடம்பும் மனமும் பசித்துக் கிடந்தது இதற்குத்தான்.

நான் 61 வயதில் தேடத் தொடங்கியது உங்களுக்கு 45 வயதிலேயே கிளை வாசலில் வந்து நின்றிருக்கிறது. அதை அலுப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

உலகியல் சார்ந்தும் ஒன்று. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பீர்களானால், கடைசிப் பத்து மாத ஊதியச் சராசரியில் பாதிதான் ஓய்வூதியமாக வரும். இன்று மறுக்கும் உயர்வின் விலை சம்பளத்தோடு முடியாது, ஆயுள் முழுதும் தொடரும். ஒரு தாளில் கணக்கிட்டு, இவ்வளவு குறையும் என்ற தொகையைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவெடுங்கள். தொகை தெரிந்து விடுவது ஒன்று, தெரியாமல் விட்டுவிட்டுப் பின்னால் வருந்துவது வேறு.

மஞ்சக்குப்பம் ஆசிரியை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மேலே ஐயா கனிவாக எழுதியிருக்கிறார். நான் சற்றுக் கடுமையாகவே எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருந்து, தலைமையாசிரியர் பதவி உயர்வை இரண்டு முறை உரிமை விடல் கடிதம் கொடுத்துத் துறந்தவள் நான். முதல் முறை மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். இரண்டாம் முறை மாமியார் படுக்கையில் இருந்தார். இரண்டு கடிதங்களிலும் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்றே எழுதினேன். அதே ஆண்டு என் கணவருக்கும் அவர் துறையில் உயர்வு வந்தது, திருநெல்வேலிக்குப் போனார். படுக்கையில் கிடந்தது அவருடைய தாயார். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை, அவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பாராட்டி உறவினர்கள் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது: பதவியைவிடக் குடும்பம் பெரிது என்று காட்டிவிட்டாளாம். அந்தப் பாராட்டை நானும் நெடுநாள் நம்பினேன். ஒரு பெண் மேலே போகாமல் நின்றால் அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டிக் கொண்டாட நம் ஊரில் எல்லாரும் ஆயத்தமாக இருக்கிறார்கள். அந்த மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொள்வதற்கு முன், அது யார் தொடுத்தது என்று பாருங்கள்.

பாடப் பதிவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மனமாரப் போற்றுகிறேன். பத்தாம் வகுப்புக்கு வரைபடத்தைச் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் அந்த நாற்பது நிமிடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைப் போபாலிலும் செய்யலாம் அல்லவா? அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை விடியும், அங்கேயும் சன்னலைச் சாத்தலாம். உங்கள் தாயாரை அழைத்துக்கொண்டு போகவும் வழியிருக்கும். ஆகவே நீங்கள் சொன்ன இரண்டு காரணங்களும் உண்மையானவை, ஆனால் அவை மறுப்பதற்குப் போதுமானவையாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு கேள்வி: தாயார் நலமாக இருந்து, அந்த மாணவியும் படித்து முடித்து வேலைக்குப் போயிருந்தால், அப்போது இந்தப் பதவியை ஏற்றுக்கொள்வீர்களா? உடனே பதில் எழுத வேண்டாம். இரண்டு நாள் கழித்து எழுதுங்கள்.

முதலியார்பேட்டை மில் வீட்டுப் பிள்ளை எழுதியது:

வணக்கம். நீண்ட நாளாக இங்கே படிக்க மட்டும் வருபவன், இன்று எழுதத் தோன்றியது.

எங்கள் ஊரில் 1936 சூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் காவலர்கள் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தின் பயனாகத்தான் புதுச்சேரிக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலையணிவிக்கப் போகும்போது என் தந்தை எனக்குச் சொல்வது ஒன்றுதான்: அவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்தது கூலி மட்டுமன்று, மாலை நேரமும்தான், அந்த நேரத்தை வீணாக்க எனக்கு உரிமையில்லை.

அவர் ஒரு பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் இருந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, ஐந்து மணிக்குத் திண்ணையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க, விதவை உதவித்தொகைக்கு, பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு என்று மனு எழுத வருவார்கள். சொல்வதை முழுக்கக் கேட்பார், குறுக்கே பேச மாட்டார், பிறகு எழுதி உரக்கப் படித்துக் காட்டி, "இதுதானே நீங்கள் சொன்னது?" என்று கேட்ட பின்பே கைநாட்டு வாங்குவார். காசு வாங்க மாட்டார், தேநீர் வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்.

பிறகு ஊரில் மில் சங்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையும் 2020-இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே அப்பாவின் ஆலை நின்றுவிட்டது. அந்தத் தெருவில் எத்தனையோ ஆண்கள் அதோடு உடைந்து போனதைப் பார்த்தேன். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ஆலை வாசல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவார்கள். அப்பாவும் உடைந்தார், காலைகளில் அவரிடம் பேச முடியாது. ஆனால் ஆலை நின்ற அன்று மாலையும் ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்தார். வழக்கம்போல் இரண்டு பேர் வந்தார்கள், எழுதிக் கொடுத்தார். அவருடைய பாதி நாளை மில்லால் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. பதவியை ஏற்றாலும் மறுத்தாலும், அக்கா, அந்தப் பாதி நாளை மட்டும் யாரிடமும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

லாஸ்பேட்டை வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அவர்கள் சொன்னபடி இரண்டு நாள் பொறுத்தே எழுதுகிறேன். அவர்கள் கேள்விக்குப் பதில்: அப்போதும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இரண்டு இரவுகள் ஆயின. அம்மாவையும் அந்த மாணவியையும் நான் முன்னால் நிறுத்தி, அவர்கள் பின்னால் ஒளிந்திருந்தேன் என்பது உண்மை.

அப்படியானால் எதற்காக மறுக்கிறேன் என்று தேடியபோது நினைவுக்கு வந்தது வேறொன்று. 2004 டிசம்பரில் நான் கடலூரில் ஒரு கிளையில் எழுத்தராக இருந்தேன். சுனாமிக்குப் பிறகு கிளையைத் திறந்தபோது தேவனாம்பட்டினத்திலிருந்தும் மற்றக் குப்பங்களிலிருந்தும் வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். பாஸ்புக் இல்லை, குடும்ப அட்டை இல்லை, சிலர் காலில் செருப்புகூட இல்லை. கணக்கு எண் யாருக்கும் நினைவில்லை. அடையாளம் காட்டச் சான்று கேட்டால் கடலைத்தான் காட்ட வேண்டும். எங்கள் மேலாளர் என்னை வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார வைத்தார், ஏனென்றால் ஐந்து ஆண்டுகளாகப் பணம் கட்டும் இடத்தில் இருந்ததால் முகங்கள் எனக்குத் தெரியும். பெயரைக் கேட்டு, மாதிரிக் கையெழுத்து அட்டைகளைத் தேடியெடுத்து, ஒப்பிட்டு, மேலாளருக்குக் குறிப்பு எழுதி அனுப்பினேன். மீன் விற்கும் அம்மா ஒருவர் கைநாட்டு வைக்க விரலை நீட்டினார். விரலெல்லாம் வெட்டுக்காயம், மை ஒட்டவில்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மீண்டும் வைத்து, மூன்றாம் முறை ரேகை விழுந்தது. அவர் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. அது இருக்கிறது என்று நான் சொன்னதும் அவர் பணத்தைக் கேட்கவில்லை. "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுதா கண்ணு?" என்றுதான் கேட்டார். தெரியும் என்றேன்.

எனக்கு வேண்டியது அந்த மேசைதான் என்பது இப்போது விளங்குகிறது. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவருக்குப் புரியும் வரை நான் சொல்ல வேண்டும். பாடத்தைப் பதிவு செய்யும்போதும் அந்தப் பெண்ணின் முகத்தை எதிரே வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். மண்டல அலுவலகத்தில் மேசை பெரிதாக இருக்கும், எதிரே நாற்காலிகள் இருக்கும், அவற்றில் கிளை மேலாளர்களும் இலக்குகளும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேலை தாழ்ந்ததல்ல. அதைச் செய்பவர்கள் இல்லாவிட்டால் அன்று அந்த மேலாளருக்கு மேலிடத்து அனுமதி கிடைத்திருக்காது. ஆனால் அது என் வேலையன்று. நான் வேலைக்கு வெளியே ஒரு நோக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அது வேலைக்குள்ளேயே இருந்திருக்கிறது, பதவிகள்தான் ஒவ்வொரு படியிலும் என்னை அதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்திருக்கின்றன.

வடலூர் ஐயா சொன்னபடி கணக்கும் போட்டேன். குறையும் தொகை சிறியதில்லை. கணவரிடம் காட்டினேன். இருவரும் சேர்ந்து, மாடியில் கட்டவிருந்த அறையை வேண்டாமென்று வைத்தோம். போபால் என்ற பெயரைக் கேட்டாலே அச்சமாக இருந்தது, அந்தத் தொகையைப் பார்த்த பிறகு அச்சம் குறைந்திருக்கிறது.

மஞ்சக்குப்பம் ஆசிரியை எழுதியது:

சகோதரி, என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் எழுதியது தியாகமில்லை, அதனால் எனக்கு மகிழ்ச்சி.

ஒரு வேண்டுகோள் மட்டும். கடிதத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதாதீர்கள். நான் இரண்டு முறை எழுதிய அந்தச் சொல் என் பணிப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் பதிவேட்டைப் புரட்டிய எழுத்தர், பாவம், வீட்டில் நிறையக் கஷ்டம் போலிருக்கிறதே அம்மா என்றார். முதல் முறை உண்மையில் எனக்கு வகுப்பறையை விட்டுப் போக மனமில்லை. மகனுடைய படிப்பு ஒரு சாக்கு. அதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குப் பின்னால் வரும் பெண்களும் அந்தப் படிவத்தை நிரப்புவார்கள்.

லாஸ்பேட்டை வாசகி எழுதியது:

இன்று காலை கொடுத்துவிட்டேன். காரணம் எழுதப் படிவத்தில் ஒரு வரி அளவே இடம் இருந்தது. "கிளைப் பணியில் தொடர விரும்புகிறேன்" என்று எழுதினேன். வாங்கிக்கொண்ட அலுவலர் படித்துவிட்டு, குடும்பக் காரணம் ஏதும் இல்லையா மேடம், சேர்த்துக்கொள்ளட்டுமா என்று அக்கறையோடு கேட்டார். இல்லை, அவ்வளவுதான் என்றேன். முத்திரையிட்டு நகலைக் கொடுத்தார்.

நாளை மறுநாள் ஞாயிறு. பணவீக்கம் பற்றிய பாடத்தில் இரண்டு படங்கள் இருக்கின்றன, இரண்டாவதில் மூன்று கோடுகள்.